மாலை ஆறு முதல் பத்து வரை

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் தொழில் நடத்துகிறவர்கள் கூடும் இடங்களில் ஒரு கருத்து கேள்விக்கே இடமில்லாமல் உலவுகிறது. மூன்று ஷிப்ட் ஓடும் தொழிற்சாலைக்குக் காற்றும் வெயிலும் போதாது. காற்று அது நினைத்தபோதுதான் வீசும், சூரியன் ஆறு மணிக்கு இறங்கிவிடும். ஆகவே இருபத்து நான்கு மணி நேரமும் நிற்காமல் ஓடும் அணுமின் நிலையங்களைப் புதிதாகக் கட்டியே ஆக வேண்டும் என்கிறது அது. 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் ஒன்றிய அரசு, 2047-க்குள் ஒரு லட்சம் மெகாவாட் அணுமின்சாரம் என்று இலக்கு வைத்தது. சிறு உலைகளுக்கென 20,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் சாந்தி சட்டம் நிறைவேறி, தனியார் நிறுவனங்களுக்கும் அணுமின் துறையின் கதவு திறந்தது. அதன்பின் இந்தக் கருத்துக்கு அரசுக் கொள்கை என்ற கனமும் சேர்ந்துவிட்டது. எதிர்த்துப் பேசுகிறவரை வளர்ச்சிக்கு எதிரி என்கிறார்கள், அல்லது அறிவியலுக்கு எதிரி என்கிறார்கள்.

இந்த வட்டாரத்துத் தொழிற்சாலைகள் தடையில்லாமல் ஓட வேண்டும் என்று நானும் விரும்புகிறேன். பல்லாயிரம் குடும்பங்களின் அடுப்பு அவற்றை நம்பித்தான் எரிகிறது. கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் ஏற்கெனவே இருக்கும் உலைகளை நாளையே மூடுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. பாதுகாப்பாக ஓடும்வரை ஓடட்டும். என் மறுப்பு புதிய உலைகளைப் பற்றியது. இந்தத் தொழில்வட்டாரத்துக்கு எது குறைவாக இருக்கிறதோ அதைப் புதிய அணுமின் நிலையம் தராது. அதைத் தரக்கூடிய வேலைகளுக்கான பணத்தையும் காலத்தையும் அது எடுத்துக்கொள்ளும்.

அணுமின் ஆதரவாளர்களின் வாதத்துக்கு வேர் 2008-இல் இருக்கிறது. அந்த ஆண்டு நவம்பரில் உயர் அழுத்த இணைப்பு வைத்திருந்த தொழிற்சாலைகளுக்கு 40 சதவீத மின்வெட்டு வந்தது. மாலை உச்ச நேரத்தில் 90 சதவீதம் வரை கட்டுப்பாடு. டிஜி செட்டுக்கு டீசல் வாங்கியே சிறு உதிரிபாகக் கம்பெனிகள் நொடித்துப்போயின. பெரிய கார் கம்பெனிக்கு நேரத்துக்கு உதிரிபாகம் போய்ச் சேரவில்லை என்றால் அபராதம். சேர்க்க வேண்டுமென்றால் யூனிட்டுக்கு மூன்று மடங்கு செலவு. அந்த ஆண்டுகளைப் பார்த்த எவருக்கும் மின்வெட்டு என்ற சொல்லே அடிவயிற்றைக் கலக்கும். கூடங்குளம் திறந்தால் விடிவு வரும் என்று அன்று நம்பியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். 2012 மார்ச் 18 அன்று சங்கரன்கோவில் இடைத்தேர்தல் வாக்குப்பதிவு முடிந்தது. மறுநாளே தமிழக அமைச்சரவை கூடங்குளம் பணிகளுக்குப் பச்சைக்கொடி காட்டியது. மின்வெட்டால் தவித்துக்கொண்டிருந்த மாநிலத்தில் அந்த முடிவை எதிர்த்த குரல் எடுபடவில்லை.

ஆனால் மின்வெட்டு எப்படித் தீர்ந்தது என்பதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கூடங்குளம் முதல் உலை 2013 அக்டோபரில் மின்தொகுப்போடு இணைந்தது. வணிக உற்பத்தி தொடங்கியது 2014 கடைசி நாளில். அதன் 1,000 மெகாவாட்டில் தமிழகத்தின் பங்கு 562.5. அதே காலத்தில் வடசென்னை இரண்டாம் நிலையில் 1,200 மெகாவாட், மேட்டூரில் 600, வல்லூரில் மூன்று 500 மெகாவாட் அலகுகள் என்று அடுத்தடுத்து வந்தன. இவையெல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் ஒரு கம்பித் தடம். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் உயிர்பெற்றதும், அதுவரை தனித் தீவாகக் கிடந்த தென்னக மின்தொகுப்பு நாட்டின் மற்றப் பகுதியோடு ஒன்றாகச் சுழலத் தொடங்கியது. பின்னாளில் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூர் வரை 6,000 மெகாவாட் கொண்டுவரும் நேர்மின்னோட்டத் தடமும் வந்தது. நம்மை மீட்டது பெரும்பாலும் நிலக்கரியும் கம்பியும்தான். நிலக்கரியைப் போற்ற இதைச் சொல்லவில்லை. எண்ணூர்க்காரர்கள் அதன் சாம்பலைச் சுவாசிக்கிறார்கள். கூடங்குளம்தான் மின்வெட்டை ஒழித்தது என்ற நினைவு தவறு என்பதையும், அந்தத் தவறான நினைவின் மேல் இன்னொரு ஒரு லட்சம் மெகாவாட்டைக் கட்டக் கூடாது என்பதையும் சொல்லவே இது.

சரி, இன்றைக்கு இந்த வட்டாரத்தின் குறை என்ன? யாரையும் கேட்க வேண்டாம், உயர் அழுத்த இணைப்புக்கு மாதாமாதம் வரும் ஹெச்.டி. பில்லைப் பிரித்துப் பார்த்தால் போதும். காலை ஆறு முதல் பத்து வரையும் மாலை ஆறு முதல் பத்து வரையும் எடுக்கும் மின்சாரத்துக்கு 25 சதவீதம் கூடுதல் கட்டணம். இரவு பத்து முதல் காலை ஐந்து வரை எடுத்தால் 5 சதவீதம் தள்ளுபடி. இந்த இரண்டு வரிகளில் மாநிலத்தின் மின் நிலைமை முழுவதும் எழுதியிருக்கிறது. நள்ளிரவில் மின்சாரம் மிச்சம். எடுத்துக்கொள்ளுங்கள் என்று விலை குறைக்கிறார்கள். மதியம் வெயிலில் கொட்டுகிறது. காலை, மாலை என்ற இரண்டு கரைகளில்தான் முட்டுகிறது. அதிலும் மாலைக் கரையில் அதிகம். வீடுகளில் விளக்கும் ஏசியும் ஒன்றாக ஏறும்போது சூரியத் தகடுகள் எல்லாம் ஒன்றாக அடங்குகின்றன.

அணு உலை எப்படி ஓடும்? அதைக் கட்ட ஆன பெருஞ்செலவைத் திருப்பி எடுக்க வேண்டுமானால் இராப்பகலாக ஒரே மட்டத்தில் ஓட்ட வேண்டும். அதனால் மின்தொகுப்பில் அதற்கு முன்னுரிமை; மற்றவர்கள் குறைத்துக்கொள்ள வேண்டும், அது குறைக்காது. மாலை நான்கு மணி நேரத்துக்கு 1,000 மெகாவாட் வேண்டும் என்பதற்காக ஒரு உலை கட்டினால், தேவையில்லாத இருபது மணி நேரத்திலும் அது 1,000 மெகாவாட்டைத் தொகுப்புக்குள் தள்ளும். மதியத்தில் அதற்கு இடம்விட்டு, யூனிட் இரண்டு மூன்று ரூபாய்க்குக் கிடைக்கும் வெயில் மின்சாரத்தை நிறுத்தச் சொல்வார்கள். தமிழ்நாட்டில் காற்றாலைகள் 11,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டன, சூரிய மின்சாரம் 10,000-ஐத் தாண்டிவிட்டது. இவ்வளவு ஏற்ற இறக்கம் உள்ள ஒரு தொகுப்புக்குத் துணையாக, ஏறவும் இறங்கவும் தெரிந்த ஒன்றைத்தான் சேர்க்க வேண்டும். ஏறவும் மாட்டேன், இறங்கவும் மாட்டேன் என்று நிற்கும் ஒன்றைச் சேர்ப்பது நோய் ஒன்று, மருந்து வேறு என்ற கதை.

மாலைக்குச் சரியான மருந்து சேமிப்பு. அது நமக்குப் புதிதும் இல்லை. ஆனைமலையில் காடம்பாறை நீரேற்று மின் நிலையம் 1980-களின் இறுதியிலிருந்தே இருக்கிறது, 400 மெகாவாட். மின்சாரம் மலிவாக இருக்கும் நேரத்தில் கீழிருந்து நீரை மேலே ஏற்றி, உச்ச நேரத்தில் அதே நீரைத் திறந்துவிட்டு மின்சாரம் எடுப்பது. நீலகிரியில் குந்தா நீரேற்றுத் திட்டம் 500 மெகாவாட்டுக்குத் திட்டமிடப்பட்டு, காலக்கெடு தள்ளித் தள்ளிப்போனது. அதன் தாமதத்துக்காக எந்தத் தொழில் அமைப்பாவது கோட்டைக்குப் போய் மேசையைத் தட்டியிருக்கிறதா? இப்போது மின்கல சேமிப்பும் வந்துவிட்டது. 2024 டிசம்பரில் இந்திய சூரிய மின் கழகம் நடத்திய ஏலத்தில், 2,000 மெகாவாட் சூரிய மின்சாரமும் அதோடு 1,000 மெகாவாட்டை நான்கு மணி நேரம் தரக்கூடிய சேமிப்பும் சேர்ந்து யூனிட்டுக்கு 3 ரூபாய் 52 காசுக்கு வந்தது. நான்கு மணி நேரம் என்பதைக் கவனியுங்கள். ஹெச்.டி. பில்லில் 25 சதவீதம் கூடுதலாக நாம் கட்டும் அதே மாலை நான்கு மணி நேரம்.

கூடங்குளம் மின்சாரம் ஏறத்தாழ நான்கு ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்பார்கள். உண்மைதான். அது 1988-இல் சோவியத் ஒன்றியத்தோடு போட்ட ஒப்பந்தத்தின் வழியாக, பழைய விலையில் வந்த உலைகளின் மின்சாரம். அந்த விலையில் அடுத்தது கிடைக்காது. முதல் இரண்டு உலைகளுக்கு முதலில் போட்ட மதிப்பீடு 13,171 கோடி. முடிந்தபோது 22,462 கோடி. மூன்றாவதும் நான்காவதும் ஏறத்தாழ 40,000 கோடி. ஐந்தாவதும் ஆறாவதும் ஏறத்தாழ 50,000 கோடி. எல்லாம் இரண்டிரண்டு ஆயிரம் மெகாவாட்தான். உலகில் காற்று, சூரிய மின்சாரத்தின் விலை இறங்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் இது இப்படி ஏறியிருக்கிறது. பழைய பில்லைக் காட்டிப் புதிய சரக்கை விற்பதை எந்தத் தொழிற்சாலையின் கொள்முதல் மேலாளரும் ஏற்க மாட்டார். இதில் மட்டும் ஏன் ஏற்கிறோம்?

அடுத்து, நிற்காமல் ஓடும் என்ற நம்பிக்கை. கூடங்குளம் முதல் உலையை எரிபொருள் மாற்றுவதற்காக 2015 ஜூனில் நிறுத்தினார்கள். திட்டமிட்டது 60 நாள். ஆனது 222 நாள். இதைச் சொல்வது எதிர்ப்புக் குழு அல்ல. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2017-இல் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கை. உலகிலேயே அணுமின்சாரத்தை மிகவும் நம்பியிருக்கும் நாடு பிரான்ஸ். 2022-இல் அங்கே குழாய்களில் அரிப்பு கண்டதாலும் பராமரிப்பாலும் ஒரு கட்டத்தில் பாதிக்கும் மேற்பட்ட உலைகள் ஒரே நேரத்தில் நின்றன. மின்சாரம் ஏற்றுமதி செய்துவந்த நாடு இறக்குமதி செய்தது. ஒரு காற்றாலை நின்றால் இரண்டு மெகாவாட் போகும், ஒரு கணவாயில் காற்று ஓய்ந்தால் மற்றொன்றில் வீசலாம். உலை டிரிப் ஆனால் ஒரே நொடியில் 1,000 மெகாவாட் போகும். அந்த இடியைத் தாங்க வேறு எங்கோ அதே அளவு மின்சாரம் எந்நேரமும் தயாராகக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பின் செலவை அணுமின்சாரத்தின் கணக்கில் எழுதுவதில்லை.

பக்கத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. ஒரகடத்திலிருந்து கல்பாக்கம் வான்வழியில் நாற்பது கிலோமீட்டர்தான். இந்தியத் தொழில்வட்டாரங்களில் அணுமின் நிலையத்துக்கு இவ்வளவு அருகில் இருப்பவை சிலவே. சென்னை அணுமின் நிலையம் என்று பெயர்பெற்ற அதன் முதல் உலை 1983-இல் இயங்கத் தொடங்கியது. 2018 ஜனவரியில் அது நின்றது, ஆண்டுக்கணக்கில் ஓடவில்லை. அதனால் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கார் குறைந்ததா? வல்லம் வடகாலில் ஒரு ஷிப்ட் ரத்தானதா? பக்கத்து உலை நின்றதையே இந்த வட்டாரம் உணரவில்லை. தொழிற்சாலையின் சுவிட்ச்யார்டுக்குள் வருவது எந்த ஒரு நிலையத்தின் மின்சாரமும் இல்லை, மொத்தத் தொகுப்பின் மின்சாரம். தொகுப்பு பலமாக இருந்தால் ஒரு நிலையம் நிற்கலாம். தொகுப்பு பலவீனமாக இருந்தால் பக்கத்திலேயே உலை இருந்தும் பயனில்லை.

தொழிற்சாலைக்குள் இருப்பவர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். இங்கே உற்பத்தியைக் கெடுப்பது பெரும்பாலும் மணிக்கணக்கான மின்வெட்டு இல்லை, நொடிக்கும் குறைவான வோல்டேஜ் டிப். எங்கோ ஒரு 110 கிலோவோல்ட் தடத்தில் மரக்கிளை உரசும், அல்லது அழுக்கேறிய இன்சுலேட்டர் ஒன்று பொறி கக்கும். கண் இமைக்கும் நேரம் வோல்டேஜ் சரியும். விளக்கு சிமிட்டியது என்று அலுவலகத்தில் இருப்பவர் நினைப்பார். ஷாப் ஃப்ளோரில் ரோபோக்கள் நின்றுவிடும், பெயின்ட் ஷாப் அடுப்புக்குள் கார் உடல்கள் சிக்கிக்கொள்ளும், டயர் பிரஸ்ஸில் பாதி வெந்த டயர் குப்பைக்குப் போகும், மோல்டிங் மெஷினின் பேரலில் பிளாஸ்டிக் உறையும். மீண்டும் லைனை எழுப்ப ஒரு மணி நேரம் ஆகும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது மின்சாரம் தயாரிக்க நிலையங்கள் இருந்தன. கோபுரங்களும் கம்பங்களும் சாய்ந்து கிடந்ததால் மின்சாரம் வந்துசேர வழியில்லை. இவற்றுக்கெல்லாம் தேவை தரைக்கடிக் கேபிள், இரட்டை ஃபீடர், நல்ல ரிலே அமைப்பு, துணைமின் நிலையங்களில் சேமிப்பு, மழைக்கு முன் மரம் வெட்ட ஆள். மின்வாரியத்தில் நிரப்பாமல் கிடக்கும் களப்பணியிடங்களை நிரப்புவது, புதிய உலையைவிட இந்த வட்டாரத்தின் உற்பத்திக்கு அதிகம் உதவும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதை நாடாளுமன்றத்தில் அறிவித்துக் கைதட்டு வாங்க முடியாது என்பதுதான் சிக்கல்.

இப்போது புதிதாக ஒன்று சொல்கிறார்கள். பெரிய நிலையம் வேண்டாம், தொழிற்பேட்டைக்கென்று சொந்தமாக ஒரு சிறிய உலை. 2024 டிசம்பர் இறுதியில் இந்திய அணுமின் கழகம், 220 மெகாவாட் பாரத் சிறு உலைகளைத் தொழில் நிறுவனங்கள் தங்கள் சொந்தப் பயன்பாட்டுக்காகப் பணம் போட்டுக் கட்டலாம் என்று அழைப்பு விடுத்தது. சிப்காட்டில் ஒன்று வரட்டுமே என்று பேசுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் முதலில் தண்ணீரைப் பற்றிப் பேச வேண்டும். கல்பாக்கமும் கூடங்குளமும் கடலோரத்தில் இருப்பதற்குக் காரணம் உண்டு. உள்நாட்டில் குளிர்விப்புக் கோபுரம் வைத்து ஓட்டினால் ஒவ்வொரு யூனிட்டுக்கும் இரண்டு லிட்டருக்கு மேல் நீர் ஆவியாகிப் போகும். 220 மெகாவாட் உலை நாள் முழுதும் ஓடினால் ஏறத்தாழ 53 லட்சம் யூனிட். அதாவது தினமும் ஒரு கோடி லிட்டருக்கு மேல் நீர் ஆவி. இந்தத் தொழிற்பேட்டைகளுக்கு இன்று நீர் எங்கிருந்து வருகிறது? சென்னையின் கழிவுநீரைக் கோயம்பேட்டில் மூன்றாம் நிலை வரை சுத்திகரித்துக் குழாயில் அனுப்புகிறார்கள். அந்த நிலையத்தின் முழுத் திறனே நாளொன்றுக்கு நாலரைக் கோடி லிட்டர். நகரத்தின் சாக்கடையைச் சுத்தம் செய்து குடித்துத்தான் இந்த வட்டாரத்துத் தொழில் வாழ்கிறது. அதில் கால்வாசியை ஒரே ஒரு உலைக்கு ஆவியாக விடலாமா?

பிறகு மனிதர்கள். நம் நாட்டில் அணுமின் நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டருக்கு அவசரகாலத் திட்டம் வகுப்பது வழக்கம். ஒரகடத்தை மையமாக வைத்து அந்த வட்டத்தைப் போட்டால் ஸ்ரீபெரும்புதூர், படப்பை, சிங்கப்பெருமாள் கோவில், மறைமலைநகர் எல்லாம் உள்ளே வரும். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த சிப்காட் தங்கும் விடுதி ஒன்றில் மட்டும் 18,720 பெண் தொழிலாளர்களுக்கு இடம். திருவண்ணாமலையிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் வேறு மாநிலங்களிலிருந்தும் வந்து கைபேசி பொருத்தும் இருபது வயதுப் பிள்ளைகள் அவர்கள். சாதாரண நாளில் மாலை ஷிப்ட் விடும் நேரத்தில் ஒரகடம் சந்திப்பை ஒரு பேருந்து கடக்க எவ்வளவு நேரமாகிறது என்று தெரிந்தவர் எவரும், இந்த வட்டத்தை ஒரே இரவில் காலி செய்யலாம் என்று சொல்லத் துணிய மாட்டார். விபத்துக்கான வாய்ப்பு மிகக் குறைவு என்பதை ஏற்கிறேன். மிகக் குறைவான வாய்ப்பைச் சந்திப்பதற்கும் ஏற்பாடு வேண்டும், இங்கே அந்த ஏற்பாடு செய்யவே முடியாது.

விபத்து நேர்ந்தால் யார் கொடுப்பார்கள் என்ற கேள்விக்குச் சட்டம் வைத்திருக்கும் பதில் இன்னும் வருத்தம் தருவது. போபாலைப் பார்த்த நாடு என்பதால் 2010-ஆம் ஆண்டு அணுவிபத்துப் பொறுப்புச் சட்டத்தில் ஒரு நல்ல பிரிவைச் சேர்த்தோம்: குறையுள்ள கருவியை விற்ற நிறுவனத்திடமிருந்து இழப்பீட்டை மீட்க நிலையத்தை நடத்துகிறவருக்கு உரிமை. வெளிநாட்டு நிறுவனங்கள் பதினைந்து ஆண்டு அந்தப் பிரிவைத்தான் எதிர்த்தன. சாந்தி சட்டம் 2010 சட்டத்தையே நீக்கியது. அந்த உரிமையும் அந்த வடிவில் இல்லாமல் போய்விட்டது. மிகப் பெரிய உலைக்கே நடத்துகிறவரின் பொறுப்புக்கு 3,000 கோடி உச்சவரம்பு. ஹூண்டாய் என்ற ஒரே நிறுவனம் 2023-இல் தமிழகத்தில் போடுவதாக உறுதியளித்த முதலீடு 20,000 கோடி. உலை அவ்வளவு பாதுகாப்பானது என்றால், அதை விற்கிறவர் அந்தப் பாதுகாப்புக்குத் தன் பணத்தை ஏன் பிணை வைக்க மறுக்கிறார்? தன் பொருளுக்கு வாரண்டி தர மறுக்கும் சப்ளையரிடம் இந்த வட்டாரத்தில் எந்தக் கம்பெனியும் ஒரு போல்ட் கூட வாங்காது.

காலத்துக்கு வருவோம். 1980-களில் அணுசக்தித் துறை 2000-க்குள் 10,000 மெகாவாட் என்றது. 2000 வந்தபோது 3,000-ஐக் கூடத் தொடவில்லை. பிறகு 2020-க்குள் 20,000 என்றது. 2020-இல் இருந்தது 6,780. இப்போது 2047-க்குள் ஒரு லட்சம். கல்பாக்கத்தில் 500 மெகாவாட் அதிவேக ஈனுலைக்கு 2004-இல் வேலை தொடங்கியது. 2010-இல் மின்சாரம் வரும் என்றார்கள். உலையின் உள்ளகத்தை நிரப்பும் பணி தொடங்கியதே 2024 மார்ச்சில். கூடங்குளத்தின் மூன்றாம் உலைக்கு 2017-இல் கான்கிரீட் போட்டார்கள், அதுவும் இழுத்துக்கொண்டே போனது. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் வோக்டில் நிலையத்தின் இரண்டு புதிய உலைகள் ஏழு ஆண்டு தாமதமாக, 3,000 கோடி டாலருக்கு மேல் விழுங்கி முடிந்தன. சிறு உலை என்று பேர்போன நியூஸ்கேல் நிறுவனம் யூட்டாவுக்காகப் போட்ட திட்டம் செலவு ஏறியதால் 2023 நவம்பரில் கைவிடப்பட்டது. சீனா மட்டும் வேகமாகக் கட்டுகிறது என்பார்கள். ஆமாம், கட்டுகிறது, அதே சீனா ஒவ்வோர் ஆண்டும் அதைவிடப் பல மடங்கு சூரிய மின்சாரத்தையும் சேர்க்கிறது. அவர்கள் செய்யும் இரண்டில் ஒன்றை மட்டும் நாம் எடுத்துக்காட்டக் கூடாது.

புவி வெப்பமாவதைத் தடுக்க அணுமின்சாரம் வேண்டும் என்ற வாதம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அணு உலை கரியைக் கக்குவதில்லை, அது உண்மை. ஆனால் இன்று முடிவெடுத்த உலை பதினைந்து ஆண்டு கழித்து மின்சாரம் தரும் என்றால், அந்தப் பதினைந்து ஆண்டும் வடசென்னையிலும் வல்லூரிலும் கரிதான் எரியும். இரண்டு ஆண்டில் எழுந்து நிற்கும் சூரியப் பூங்காவும் சேமிப்பும் அந்தக் கரியை உடனே குறைக்கும். சரி, ஐப்பசி கார்த்திகையில் வாரக்கணக்கில் மேகம் மூடி, காற்றும் இல்லாவிட்டால்? இது நியாயமான கேள்வி. அந்த மாதங்களில் ஏசி குறைவாக ஓடுவதால் தேவையும் தாழ்ந்திருக்கும். மாநிலம் அதுவரையிலான தன் உச்சத்தைத் தொட்டது 2024 மே 2 அன்று, 20,830 மெகாவாட், வெயில் கொளுத்தும் காலத்தில். நமக்கு மேகம் மூடியிருக்கும்போது ராஜஸ்தானில் வெயில் அடிக்கும், அதைக் கொண்டுவரத்தான் கம்பித் தடங்கள். அதற்கும் மேல் தேவைப்படும் சில நாட்களுக்கு இருக்கும் அனல் நிலையங்களைக் காவலுக்கு வைத்துக்கொள்ளலாம். ஆண்டில் சில நாள் காவலுக்காக ஆண்டு முழுதும் ஓட வேண்டிய 50,000 கோடி ரூபாய் உலைகளைக் கட்டுவது எந்தக் கணக்கிலும் சேராது.

இந்த வட்டாரத்தின் பெரிய கம்பெனிகள் ஏற்கெனவே தம் முடிவைக் காட்டத் தொடங்கிவிட்டன. ஹூண்டாய் 2024-இல் 75 மெகாவாட் சூரிய மின்சாரத்துக்கும் 43 மெகாவாட் காற்றாலைக்கும் தமிழகத்திலேயே, பங்கு வாங்கிச் சொந்தப் பயன்பாட்டுக்கு மின்சாரம் எடுக்கும் கூட்டு கேப்டிவ் முறையில் ஒப்பந்தம் போட்டது. நூறு சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்று உறுதியளித்த உலக நிறுவனங்களின் ஆர்.இ.100 கூட்டமைப்பில் ஹூண்டாயும் சாம்சங்கும் ஆப்பிளும் உண்டு. அந்தக் கணக்கில் அணுமின்சாரம் சேராது. வெளிநாட்டு வாங்குபவர் நாளை உதிரிபாகக் கம்பெனியிடம் கேட்கப்போவதும் இதே கணக்கைத்தான். பெரியவர்களுக்குக் காற்றாலையில் 26 சதவீதப் பங்கு வாங்கப் பணம் இருக்கிறது. பிள்ளைப்பாக்கத்தில் ஐம்பது பேரை வைத்து வேலை செய்யும் சிறு முதலாளிக்கு இல்லை. அவருக்கு வழி திறந்துவிடுவதுதான் அரசின் வேலை.

கூடங்குளத்தை அடுத்த இடிந்தகரையைப் பற்றிச் சொல்லாமல் இந்த வாதத்தை முடிக்க எனக்கு மனமில்லை. 2011 ஆகஸ்டிலிருந்து அந்த மீனவக் கிராமம் உலையை எதிர்த்துப் பந்தலில் உட்கார்ந்தது. 2012 செப்டம்பர் 10 அன்று கடற்கரையில் கூடிய மக்கள் மேல் தடியடியும் கண்ணீர்ப்புகையும் பாய்ந்தன. மணப்பாட்டில் போலீஸ் சுட்டதில் ஒரு மீனவர் இறந்தார். ஆயிரக்கணக்கானோர் மேல் தேசத்துரோக வழக்கு. 2013 மே மாதத் தீர்ப்பில் உலைக்கு அனுமதி கொடுத்த உச்ச நீதிமன்றமே, அந்த வழக்குகளைத் திரும்பப் பெற முயலுமாறு சொல்ல வேண்டியிருந்தது. தொழிற்சாலைகள் இருளில் கிடக்கின்றன என்று நம் பெயரைச் சொல்லித்தான் அவர்களை வாயடைத்தார்கள். தீர்ந்த எரிபொருளை வைக்கும் கிடங்கும் அவர்கள் வாசலிலேயே என்றார்கள். நிரந்தரமாக எங்கே வைப்பது என்பதற்கு இன்றுவரை விடையில்லை. அதே பெயரைச் சொல்லி இன்னோர் ஊரை வாயடைக்க நாம் மறுபடியும் சம்மதிக்கக் கூடாது. இந்த முறை அந்த ஊர் நம் ஊராகவே இருக்கலாம் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அப்படி இல்லாவிட்டாலும் சம்மதிக்கக் கூடாது.

ஆகவே தொழில் அமைப்புகள் அடுத்த முறை மின்துறை அமைச்சரைச் சந்திக்கும்போது உலை கேட்டு மனுக் கொடுக்க வேண்டாம். குந்தா எந்த மாதம் முழுத் திறனில் ஓடும் என்று கேளுங்கள். மாநில அரசு ஒப்பந்தப்புள்ளி கோரிய 500 மெகாவாட், 1,000 மெகாவாட் மணி மின்கல சேமிப்பைப் போல இந்த வட்டாரத்துத் துணைமின் நிலையங்களிலும் எப்போது அமைப்பீர்கள் என்று கேளுங்கள். சிறு கம்பெனிகள் பத்துப் பதினைந்து சேர்ந்து ஒரு சூரியப் பூங்காவில் பங்கு வாங்க சிப்காட் முன்னின்று ஏற்பாடு செய்யுமா, மாலை நான்கு மணி நேரத்துக்குச் சேமித்துத் தருகிறவருக்கு உச்ச நேரக் கட்டணத்தில் சலுகை உண்டா, காலியாகக் கிடக்கும் லைன்மேன் இடங்களுக்கு ஆள் எடுப்பது எப்போது என்று கேளுங்கள். எழுத்தில் தேதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.